கேஏ வண்டி வாங்கலாமா? – கார் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மாமா பையன் ஒரு 2018 மாடல் பெட்ரோல் கார் பார்த்து வைத்திருக்கிறான். ஒரே ஓனர், 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. தர்மபுரியில் இதே வண்டிக்குச் சொல்லும் விலையைவிட 70 ஆயிரம் குறைவு. கேஏ நம்பரை மாற்றாமலே ஒரு வருஷம் ஓட்டலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 70 ஆயிரம் லாபம் என்று இப்போதே கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்த ஒரு வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை இதைத்தான் சொல்கிறார்கள். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இந்த மாநில நம்பர் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவில் இருக்கிறது, உண்மைதான். வேலை மாற்றலாகி சொந்த வண்டியோடு வருகிறவருக்கு அந்த அவகாசம் உதவும். நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அதற்கு 50-வது பிரிவு வேறு இருக்கிறது, வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் முகவரி பாலக்கோடு. ஆகவே வண்டி தர்மபுரி நம்பரான டிஎன் 29-க்கு வந்துதான் ஆக வேண்டும், அதற்கு கர்நாடக ஆர்டிஓ கொடுக்கும் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வேண்டும், அதாவது படிவம் 28.

அந்த என்ஓசி சும்மா வராது. வண்டி மேல் லோன் இருந்தால் அதை அடைத்து, பேங்க் கையெழுத்துப் போட்ட படிவம் 35 கொடுத்து ஆர்சியில் ஹெச்பி, அதாவது லோன் பதிவு, கேன்சல் ஆகியிருக்க வேண்டும். பெங்களூரு டிராஃபிக் போலீஸ் போட்ட அபராதம் பாக்கி இருந்தால் கட்டியிருக்க வேண்டும், அங்கே சிக்னலுக்கு சிக்னல் கேமரா என்பதால் ஓனருக்கே தெரியாமல் பத்துப் பதினைந்து சலான் நிற்பது சாதாரணம். பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு ஹெச்பி இருக்கிறதா, இன்சூரன்ஸ் என்றைக்கு முடிகிறது, எத்தனையாவது ஓனர் என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம், சலானையும் அப்படியே. இதைப் பார்க்காமல் பெங்களூருக்குப் பஸ் ஏறாதீர்கள்.

அப்புறம் வரி. இப்போதைய ஓனர் கட்டிய ஆயுள் வரி கர்நாடகத்துக்குக் கட்டியது. தமிழ்நாட்டில் வண்டியின் வயதையும் அன்றைய விலையையும் வைத்துத் தனியாகக் கட்ட வேண்டும். இது எவ்வளவு வரும் என்று உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி நகலைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் விலை பேச வேண்டும், பேசிய பிறகு அல்ல. கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது, ஆனால் அலைச்சலும் காத்திருப்பும் அதிகம், அதைக் கையில் இருக்கும் பணமாக எண்ண வேண்டாம். வரி, என்ஓசி செலவு, புது நம்பர் பிளேட், இரண்டு மூன்று முறை போய் வருவது எல்லாம் கூட்டினால் 70 ஆயிரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். நானாக இருந்தால் என்ஓசி கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்க மாட்டேன், கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வேன், மீதி என்ஓசி வந்த அன்றைக்கு.

இன்னொன்று, 42,000 கிலோமீட்டர் என்கிறார்களே, பெங்களூரு சிட்டியில் அந்த 42,000 ஓடுவதற்கு எத்தனை ஆயிரம் தடவை கிளட்ச்சை மிதித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். சில்க் போர்டு சிக்னலில் நின்று நின்று போன வண்டியும் கிருஷ்ணகிரி – சென்னை ரோட்டில் நேராக ஓடிய வண்டியும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம், கிளட்ச் பிளேட் அப்படிக் காட்டாது.

கேள்வி: எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. உள்ளூர் புரோக்கர் ஒருவர் மூன்று வண்டி காட்டுகிறார், மூன்றும் பளபளவென்று இருக்கின்றன. ஏமாறாமல் இருக்க நானே என்னென்ன பார்க்க முடியும்?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: நிறையப் பார்க்க முடியும். வண்டியைக் கழுவி பாலிஷ் போட்டவர் எங்கே கை வைக்கவில்லையோ அங்கே பாருங்கள், இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காலையில் போங்கள், இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, போனதும் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் நமக்கு முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள், கோளாறு உள்ள இஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் சத்தமும் புகையும் காட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி நிறுத்துங்கள், இஞ்சின் விளக்கு, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. முதலிலேயே எரியாவிட்டால் இன்னும் மோசம், கோளாறு தெரியாமல் இருக்க விளக்கையே பிடுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். நீலமாகப் புகை வந்தால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. காலைக் குளிரில் லேசாக வெள்ளை ஆவி வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட் வேலை இருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், மோர் கடைந்த நுரை மாதிரி வெளிறிப்போய் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அடிபட்ட வண்டியா என்பதை பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டே கண்டுபிடிக்கலாம். மட்கார்டையும் பானட் கீலையும் பிடித்திருக்கும் போல்ட்டுகள் கம்பெனியில் பெயிண்ட் அடித்தபடியே இருக்க வேண்டும், முனைகளில் பெயிண்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் தெரிந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு ரப்பரை லேசாக விலக்கிப் பாருங்கள், ரப்பரில் பெயிண்ட் தூசி படிந்திருந்தால் டிங்கரிங் முடிந்து வந்த வண்டி. கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஓரத்தில் சின்னதாகக் கம்பெனி முத்திரையும் வருடக் குறியும் இருக்கும், ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பம்பரில் கீறல், கதவில் சின்ன நசுங்கல், இதெல்லாம் நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தினாலே வரும், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். உள்ளே சேசிஸ் வளைந்து நிமிர்த்தியதுதான் ஆபத்து.

மீட்டரை நம்பவே நம்பாதீர்கள், இதை அடித்துச் சொல்கிறேன். போன வருஷம் நண்பர் ஒருவருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனேன். மீட்டரில் 52,000. ஸ்டீயரிங்குக்குப் புது உறை, சீட்டுக்குப் புது உறை, எல்லாம் அழகாக இருந்தது. பிரேக் பெடலின் ரப்பரைக் குனிந்து பார்த்தால் ஒரு பக்கம் வரி வரியாக இருந்ததெல்லாம் தேய்ந்து வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பானட்டுக்குள் ஏர் ஃபில்டர் டப்பாவின் பக்கவாட்டில் கிரீஸ் படிந்த ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, துணியால் துடைத்தேன், 2021-இல் ஆயில் மாற்றியபோது பால் பாயிண்ட் பேனாவால் எழுதியது, 81,400 கிலோமீட்டர். விற்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் சண்டை போடவில்லை, டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். அந்தச் சீட்டு இல்லாத வண்டிகளும் இருக்கும், அதனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்று சொன்னால் ஓனரையே அங்கே போன் போடச் சொல்லி, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்ற பட்டியலை வாங்கிப் பாருங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. 2019 வண்டி, 30,000 ஓட்டம் என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2022 என்றால் முதல் டயர்கள் எங்கே போயின?

ஓட்டிப் பார்ப்பது ஊருக்குள் ஒரு சுற்று என்றால் போதாது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி போகிற வழியில் மேலுமலை ஏற்றம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இஞ்சின் மட்டும் கத்தி வண்டி இழுக்காமல் இருந்தால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. மேலே போய் ஓரமாக நிறுத்தி, வெப்பம் காட்டும் முள் ஏறியிருக்கிறதா, அடியில் ஏதாவது சொட்டுகிறதா பாருங்கள். ஏசித் தண்ணீர் சொட்டுவது வழக்கம்தான், பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது கூலன்ட் அல்லது ஆயில் கசிவு. பிரேக் பார்க்கிறேன் என்று தொப்பூர் இறக்கத்தில் மட்டும் தெரியாத வண்டியை ஓட்டாதீர்கள், பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் சோதனை செய்வது தெரியாது. பிரேக்கை வண்டி இல்லாத சர்வீஸ் ரோட்டில் 40 வேகத்தில் பார்த்தாலே போதும், ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் பார்த்து ஒரு வண்டி தேறினால், கடைசியாக ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகம் பாருங்கள். அந்த மெக்கானிக் புரோக்கர் சொன்ன ஆளாக இருக்கக் கூடாது.

கேள்வி: மழை வெள்ளத்தில் மூழ்கிய கார்களைச் சரிசெய்து விற்கிறார்கள் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் உங்கள் ஊரில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நேரில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தின டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் எவ்வளவு கார்கள் மூழ்கின. மூழ்கிய ஊரில் விற்றால் கேள்வி வரும் என்று தூரமாகக் கொண்டுவந்து விற்பார்கள்.

சீட் பெல்ட்டை நுனிவரை, இதற்கு மேல் வராது என்கிற வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு சாண் பகுதியில் பழுப்பு நிறத்தில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைத் தடவுங்கள், நைசான வண்டல் கையில் ஒட்டும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், கம்பிகளில் துரு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் வெயிலில் நிறுத்திக் கதவைத் திறந்தால் வரும் பூஞ்சை வாடையை எந்த சென்டும் மறைக்காது. முகப்பு விளக்குக்குள்ளே தண்ணீர் நின்ற தடம் தெரியும். இஞ்சினைச் சரிசெய்திருப்பார்கள், வயரிங் செட்டையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் முழுதாகச் சரிசெய்ய முடியாது, ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நின்றுவிடும். அதனால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: என் காரை ஒரு வருஷம் முன்பு புரோக்கர் மூலம் விற்றேன். பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் இன்னும் பேர் மாற்றவில்லை, அபராத மெசேஜ் எனக்கு வருகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: அபராதம் சின்ன விஷயம், விபத்து ஆனால்தான் உங்களுக்குத் தூக்கம் போகும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, விற்றுப் பல கை மாறிவிட்டது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாள். இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

இன்றைக்கே செய்யுங்கள். விற்ற தேதி, வாங்கியவர் விவரம், பணம் வந்த பேங்க் பதிவு இவற்றோடு ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்பி, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஆள் பிடி கொடுக்காவிட்டால் போலீசிலும் எழுதிக் கொடுங்கள். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அவசரம் இரண்டு மடங்கு. இனிமேல் விற்பவர்கள் கவனிக்க: 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, அப்படி அங்கீகாரம் உள்ளவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் பதிவு செய்துவிட்டால் அதன்பிறகு பொறுப்பு அவருக்கு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கு) மாற்றிய வண்டி மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?
– வாசகர், அரூர்

பதில்: லட்சக்கணக்கில் ஓடியிருக்கும், அதற்கேற்ற விலை என்றால், ஆர்சியில் மாற்றம் முறையாக ஏறியிருந்தால், வீட்டிலிருந்து வயலுக்கும் சந்தைக்கும் போய்வர எடுக்கலாம். குடும்பத்தோடு தூரம் போக வேண்டாம்.

கேள்வி: வாங்கப்போகும் வண்டிக்கு இன்னும் எட்டு மாதம் இன்சூரன்ஸ் இருக்கிறது. அதுவே போதுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: போதாது, உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். மாற்றாமல் விட்டால் எதிராளிக்கான பாதுகாப்பு மட்டும் தொடரும், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. ஒகேனக்கல் மலைப்பாதை வளைவில் ஒரு பாறையில் உரசினாலும் உங்கள் கைக்காசுதான்.

அந்தப் பாலிசித் தாளை வாங்கும்போது அதில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்மே வாங்காத வண்டிக்கு அது 20 சதவீதத்தில் தொடங்கி வருஷா வருஷம் ஏறி 50 வரை போகும். ஆறு வருஷம் ஒரே ஓனர், ஒரு கீறல் இல்லை என்று சொல்கிறவரின் பாலிசியில் பூஜ்யம் என்று இருந்தால், போன வருஷம் கிளெய்ம் வாங்கியிருக்கிறார் அல்லது இன்சூரன்ஸை இடையில் விட்டிருக்கிறார், எது என்று கேளுங்கள். அப்புறம் அந்தப் போனஸ் அவருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது, பெயர் மாற்றும்போது வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள், அதையும் விலை பேசும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.