நாடி ஏறுகிறது, கால் கனக்கிறது: இது சோம்பலா?

கேள்வி: வயது 34. நான்கு மாதமாக வாரம் ஆறு நாள் சைக்கிள் பயிற்சி. காலையில் 54 இருந்த நாடித்துடிப்பு ஒரு வாரமாக 62. சின்ன மேட்டுக்கே கால் கனக்கிறது, தூக்கமும் கெட்டுவிட்டது. 'சோம்பல்தான், விடாமல் மிதி' என்கிறார் பயிற்சியாளர். கூடவே, களைப்பு தீரக் குடிக்கும் ரெகவரி பவுடர் ஒரு டப்பாவும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பயிற்சி சொல்பவரே டப்பாவும் விற்றால், உங்கள் களைப்பு அவருக்கு வியாபாரம். ஓய்வெடுக்கச் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்?

நாடி ஒருநாள் 62 காட்டினால் கவலையில்லை. வெயில், சளி, கண்விழிப்பு எதுவும் காரணமாகலாம். ஒரு வாரமாக அப்படியே நின்று, கால் கனமும் தூக்கக்கேடும் சேர்ந்தால் உடம்பு மிஞ்சிய பயிற்சியில் திணறுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல், பசியின்மை, அடிக்கடி சளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாடி எல்லோருக்கும் ஏறுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். களைப்பு முற்றிய சிலருக்கு அது இறங்கும். முன்பு 170 தொட்ட மேட்டில் 155 தாண்டாது. 'ஆஹா, இதயம் பலமாகிவிட்டது' என்று இன்னும் கூட்டி மிதிப்பார்கள். அதே மேடு, அதே வேகம், நாடி குறைவு, மிதிப்பதும் சுலபம் என்றால் அது முன்னேற்றம். நாடி குறைவு, ஆனால் மூச்சு வாங்குகிறது, கால் எரிகிறது என்றால் அது களைப்பு. கையில் கட்டிய வாட்ச் 'உடம்பு தயார்' என்று பச்சை காட்டலாம். அதற்குக் கால் இல்லை.

சரி, இப்போது நான்கைந்து நாள் சைக்கிளைத் தொடாதீர்கள். வயிறாரச் சாப்பிடுங்கள், எடை குறைக்கிறேன் என்று அரைவயிற்றோடு மிதிப்பவர்களுக்கும் இதே அறிகுறிகள் வரும். கால் லேசானால் பாதி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். இரண்டு வாரம் ஓய்ந்தும் தேறாவிட்டால் மருத்துவரிடம் போய் ரத்தசோகை, இரும்புச்சத்து, தைராய்டு, தொற்று இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சிய பயிற்சியால் வரும் களைப்பைக் கண்டுபிடிக்கவென்று தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வரமுடியும். இருந்தும் 'விளையாட்டு வீரர் பேக்கேஜ்' என்று இருபது முப்பது ஹார்மோன் சோதனைகளைத் தலையில் கட்டுவார்கள். அப்புறம் 'எல்லாம் நார்மல்' என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள், கால் மட்டும் கனத்தபடியே இருக்கும்.

மிதிக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு வந்தால் இந்த நான்கைந்து நாள் கணக்கெல்லாம் பொருந்தாது. அன்றே மருத்துவரிடம் போங்கள்.