பல்பு போனால் டிவியும் போச்சா? ரியர் புரொஜெக்ஷன் முதல் லேசர் வரை உங்கள் கேள்விகள்

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். 2007-ல் வாங்கிய 56 அங்குல டிஎல்பி ரியர் புரொஜெக்ஷன் டிவி மாடியில் மீடியா ரூமில் இன்னும் ஓடுகிறது. ஒரு வருடமாகப் படம் மங்கிக்கொண்டே வருகிறது, இப்போது ‘லாம்ப்’ என்று எழுதிய சிவப்பு விளக்கும் கண் சிமிட்டுகிறது. புது பல்பு 80 டாலர் என்கிறார்கள். தூக்கிப் போடு என்கிறார் கணவர், எனக்கு மனசு வரவில்லை. மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். பெட்டிக்குள் இருக்கும் பல்பின் ஒளியைத் திரைக்குப் பின்னாலிருந்து அடித்துப் படம் காட்டுகிற டிவி இது, அதனால் பல்பு மங்கினால் படமும் மங்கும். ஆனால் 80 டாலரை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, திரை கருப்பாக இருக்கும் நேரத்தில் கிட்டே போய்ப் பாருங்கள். உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. அது பல்பின் கோளாறு இல்லை, உள்ளே இருக்கும் சில்லின் (சிப்) கோளாறு. டிஎல்பி டிவியில் படத்தை உண்டாக்குவது ஒரு சில்லின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள்தான், ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து நிமிர்கிறது. 1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது, உங்கள் ஊர்க் கம்பெனிதான். பல வருடம் சூட்டில் வெந்தபிறகு சில கண்ணாடிகள் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டுவிடும், அந்த இடம் நிரந்தரமாக வெள்ளையாகத் தெரியும். இன்றைக்கு நாலு புள்ளி என்றால் தீபாவளிக்குள் நாற்பது. சில்லை மாற்ற வழி உண்டு, ஆனால் இந்த வயசு டிவிக்கு அந்தச் செலவு வேண்டாம்.

புள்ளி இல்லை, வெறும் மங்கல் மட்டும்தான் என்றால் பல்பை மாற்றுங்கள். இந்த டிவிகளில் இருப்பது சாதாரண பல்பு இல்லை, பிலிப்ஸ் 1990-களில் கொண்டுவந்த யுஎச்பி ரகம். சுண்டுவிரல் நுனி அளவு கண்ணாடிக் குமிழுக்குள் பாதரச ஆவி, சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் குமிழ் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று புரியும். 6,000 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருந்தால், அதற்குள் வெளிச்சம் பாதியாகிவிடும் என்று அர்த்தம். மெதுவாகக் குறைவதால் நம் கண் பழகிப்போய்விடுகிறது, புதுசைப் போட்ட அன்றைக்குத்தான் இத்தனை நாள் எந்த லட்சணத்தில் படம் பார்த்தோம் என்பது தெரியவரும்.

மாற்றுவதற்கு மெக்கானிக் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். பின்பக்கமோ பக்கவாட்டிலோ சின்னக் கதவு ஒன்று இருக்கும், அதைத் திறந்தால் கைப்பிடி வைத்த ஒரு கூடு. ஒன்றிரண்டு திருகாணிகளைத் தளர்த்தி நேராக வெளியே இழுங்கள். புதுசைப் போடும்போது கண்ணாடி மேல் விரல் படவே கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு வெடிக்கும். அப்புறம் கதவைச் சரியாகச் சாத்துங்கள், பல மாடல்களில் அங்கே ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது, அது அழுந்தாவிட்டால் டிவியே ஆன் ஆகாது. ‘புது பல்பும் வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கதவில்தான் கோட்டை விட்டிருப்பார்கள். கடைசியாக மெனுவுக்குள் போய் பல்பு எரிந்த நேரத்தை எண்ணும் லாம்ப் டைமரைப் பூஜ்யமாக்க வேண்டும்.

30 டாலருக்கும் அதே பல்பு என்று சொல்லி விற்பார்கள். கூடு யாருடையதாகவும் இருக்கட்டும், உள்ளே இருக்கும் குமிழ் பிலிப்ஸோ ஓஸ்ராமோ என்று விற்பவர் எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எழுதவில்லையென்றால் அது இல்லை.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருந்தபோது இதே மாதிரி ஒன்று 2007-ல்தான் வாங்கினேன், கம்பெனி பெயர் இப்போது எதற்கு. 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதிப்போட்டி. எங்களுக்கு அது விடியற்காலை ஐந்து மணி, ஹால் நிறைய நண்பர்கள், இட்லி, சாம்பார். இலங்கை ஆடி முடித்து இடைவேளை விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இருட்டு. சத்தம் மட்டும் வருகிறது. சேவாக் இரண்டாவது பந்தில் அவுட்டானதைக் காதால்தான் கேட்டோம், மிச்சத்தை 14 அங்குல லேப்டாப்பில் பன்னிரண்டு பேர் பார்த்தோம். மூன்று வாரமாகவே படம் லேசாகப் படபடத்துக்கொண்டிருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. பல்பு அப்படி வெடித்தால் பாதரசம் வெளியே வரும், ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தைகளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் அலுவலக நண்பர் வீடு மாறுகிறார். அவருடைய 75 அங்குல மிட்சுபிஷி லேசர் ரியர் புரொஜெக்ஷன் டிவியை 200 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். பல்பே கிடையாது, அதனால் செலவே கிடையாது என்கிறார். உண்மையா? அப்படியென்றால் ஏன் இப்போது கடையில் இந்த ரகம் இல்லை?

பதில்: பல்பு கிடையாது என்பது உண்மை. செலவே கிடையாது என்பதுதான் இடிக்கிறது.

இந்த டிவிகளின் பெரிய தலைவலியே பல்பு என்பது கம்பெனிகளுக்கும் தெரிந்திருந்தது. 2006-ல் சாம்சங் 56 அங்குல டிஎல்பி டிவி ஒன்றில் பல்பைத் தூக்கிவிட்டு சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளை வைத்தது. பல்பு வெள்ளை ஒளி தருவதால் அதற்கு முன்னால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் ஒரு வண்ணச் சக்கரம் வேண்டும், கலர் வீல் என்பார்கள், பழசானால் கொசு மாதிரி ரீங்காரம் போடும். எல்இடியை வேண்டிய நேரத்தில் வேண்டிய நிறத்தில் மினுக்கலாம், அதனால் சக்கரமே தேவையில்லை. சக்கரம் நின்றது, சத்தம் நின்றது, போட்டவுடனே படமும் வந்தது. வெளிச்சம் மட்டும் பல்பு அளவுக்கு வரவில்லை.

அடுத்து 2008-ல் மிட்சுபிஷியின் லேசர்வியூ. 65 அங்குலம், 6,999 டாலர். அப்போது பச்சை லேசரை ஒரு டயோடிலிருந்து நேராக எடுக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை ஒரு படிகத்துக்குள் செலுத்தி அதைப் பச்சையாக மாற்ற வேண்டியிருந்தது. விலை அப்படி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். படம் என்னவோ அருமை, அந்தச் சிவப்பை அப்போதைய எல்சிடி எதிலும் பார்க்க முடியாது, கரண்ட்டும் குறைவாகவே குடிக்கும். ஆனால் அதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. சோனி 2007 கடைசியிலேயே ரியர் புரொஜெக்ஷனை விடுவதாக அறிவித்துவிட்டது, சாம்சங்கும் அடுத்த வருடமே ஒதுங்கியது. 2012 டிசம்பரில் மிட்சுபிஷியும் நிறுத்திக்கொண்டது. படம் மோசம் என்று யாரும் இதை விடவில்லை. சுவரில் மாட்ட முடியாத ஒரு பெட்டியை, தட்டையான டிவி வருடத்துக்கு வருடம் விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு நாள் விற்பது?

இனி உங்கள் 200 டாலர். லேசர் இன்னும் பல வருடம் எரியலாம், ஆனால் லேசர் மட்டுமா டிவி? மேலே சொன்ன அதே கண்ணாடிச் சில்லு இதிலும் இருக்கிறது, அதே வெள்ளைப் புள்ளி இதிலும் வரும். பவர் சப்ளை போர்டு இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. இவற்றில் ஒன்று போனால் உதிரிபாகத்துக்கு நீங்கள் அலைவதற்குள் வெறுத்துவிடும். இன்னொன்று, உட்கார்ந்து பார்க்கும்போது ஜொலிக்கும் படம் காபி எடுக்க எழுந்து நின்றால் மங்கிப்போகும். இந்தத் திரைகளின் குணம் அது, ஒளியைச் சோபா உயரத்துக்கு மட்டும் திருப்பிவிடும்படி செய்திருக்கிறார்கள். நண்பர் சும்மா கொடுத்தால், தூக்க மூன்று பேர் இருந்தால், எடுத்துக்கொள்ளுங்கள். 200 டாலருக்கு வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு கடையில் 100 அங்குல ‘லேசர் டிவி’ பார்த்தேன். பழைய ரியர் புரொஜெக்ஷன்தான் புதுப் பெயரில் திரும்பி வந்திருக்கிறதா? 25,000 மணி நேரம் வரும் என்கிறார்கள். அபார்ட்மென்டில் நாலாவது மாடி, வாங்கலாமா?

பதில்: அண்ணன் தம்பி என்று சொல்லலாம், ஒரே ஆள் இல்லை. முன்பு ஒளி திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. இப்போது பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி ஸ்டாண்டில் வைக்கிறோம், அது கீழேயிருந்து முன்பக்கமாகத் திரையில் அடிக்கிறது. எல்ஜி 2013-ல் 100 அங்குலத்தில் காட்டியது, ஹைசென்ஸ் அடுத்த வருடம் சீனாவில் விற்க ஆரம்பித்தது, 2017-ல் ஷாவ்மி நுழைந்தபிறகு விலை கீழே வந்தது.

கடையில் முதல் கேள்வியாக, உள்ளே எத்தனை லேசர் என்று கேளுங்கள். விலை குறைந்தவற்றில் நீல லேசர் மட்டும்தான் இருக்கும், அது மஞ்சள் பாஸ்பர் (ஒளி பட்டால் மிளிரும் பொருள்) பூசிய சக்கரத்தில் பட்டு மற்ற நிறங்களை உண்டாக்கும். ஒரு விதத்தில் நம் வீட்டு எல்இடி பல்பின் பெரியண்ணன், அதிலும் நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சுதான். விலை கூடியவற்றில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி லேசர். நிறம் அள்ளும், ஆனால் வெள்ளைச் சட்டை, வானம் மாதிரி இடங்களில் சர்க்கரை தூவின மாதிரி ஒரு மினுமினுப்பு சிலர் கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரிகிறது, என் மனைவிக்குத் தெரிவதில்லை. அதனால் வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

25,000 மணி என்பது தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் 13 வருடத்துக்கு மேல் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் வெளிச்சம் பாதியாகும் வரைக்குமான கணக்கு, அதுவும் லேசருக்கு மட்டும். வாரண்டி எத்தனை வருடம், அதில் லைட் சோர்ஸ் சேர்த்தியா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய டிவியில் பல்பு போனால் நாமே மாற்றினோம், இதில் அந்தப் பேச்சே இல்லை, ஒளி குறைந்தால் மொத்தப் பெட்டியும் சர்வீசுக்குத்தான் போகவேண்டும்.

அடுத்தது திரை. வெறும் சுவரில் அடித்தால் பகலில் ஒன்றும் தெரியாது. இதற்கென்றே வரிவரியாக ரம்பப்பல் மாதிரி இழைத்த திரை இருக்கிறது, கீழிருந்து வரும் ஒளியை நம் பக்கம் திருப்பும், மேலே டியூப்லைட்டிலிருந்து வருவதை விழுங்கிவிடும். தலைகீழாக மாட்டினால் எல்லாம் நேர்மாறாகும் என்பதால் மாட்டுகிறவரைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். விலையில் திரையும் சேர்த்தியா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று சுருட்டி இறக்கும் சாதாரணத் திரையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஒளி அவ்வளவு சாய்வாக வருவதால் திரையில் ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் படத்தில் அலையாகத் தெரியும். சீலிங் ஃபேனைப் போட்டதும் கதாநாயகன் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடும்.

அப்படியானால் 98 அங்குலச் சாதாரண எல்சிடி டிவியையே வாங்கிவிடலாமே, அதன் விலையும் சரசரவென்று இறங்குகிறதே என்றால், நியாயமான கேள்வி. பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்க்கிற வீட்டுக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் நீங்கள் நாலாவது மாடி. அந்தப் பேனல் மட்டுமே சுமார் 217 செ.மீ. அகலம், 122 செ.மீ. உயரம், அட்டைப்பெட்டியோடு இன்னும் கூடும். முதலில் டேப்பை எடுத்து லிஃப்ட்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். அங்கே நுழையவில்லையென்றால் லேசர் டிவி என்று தாராளமாக முடிவெடுக்கலாம்.

கேள்வி: ரியர் புரொஜெக்ஷன் அடியோடு செத்துவிட்டதா?

பதில்: வீட்டில் செத்துவிட்டது. கட்டுப்பாட்டு அறைகளில் இல்லை. மின் விநியோகம், ரயில் போன்ற இடங்களில் சுவர் முழுக்க அடுக்கிய திரைகளில் வரைபடம் ஓடுமே, அவற்றில் பல ரியர் புரொஜெக்ஷன் பெட்டிகள்தான். ஒரே படம் வருடக்கணக்கில் நின்றாலும் அதன் நிழல் திரையில் தழும்பாகத் தங்காது, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி தெரியாது. அங்கேயும் பல்பு போய், எல்இடி வந்து, இப்போது லேசர்.

கேள்வி: தஞ்சாவூரில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். பழைய பல்பு புரொஜெக்டர் 12,000 ரூபாய்க்கு வருகிறது. ஆன்லைனில் 9,000 லூமென்ஸ் எல்இடி புரொஜெக்டர் 8,000 ரூபாய்தான். எது?

பதில்: லூமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, அந்த 9,000-ஐ மறந்துவிடுங்கள். அந்த விலையில் வரும் குட்டி எல்இடி பெட்டிகளை முறையாக அளந்தால் 200, 300 தேறுவதே பெரிது. ‘ஏஎன்எஸ்ஐ லூமென்ஸ்’ (முறைப்படி அளந்த வெளிச்சம்) என்று தெளிவாகப் போடாத எந்த எண்ணையும் நம்பவேண்டாம். ‘4கே சப்போர்ட்’ என்பதும் அந்த ரகம்தான், 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், காட்டுவது அதன் சொந்தப் புள்ளி எண்ணிக்கையில்தான்.

பழைய புரொஜெக்டரை வாங்குவதாக இருந்தால் மெனுவில் பல்பு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பாருங்கள், புது பல்பு என்ன விலை என்பதையும் விசாரித்து அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடுகிறது, கொதிக்கிற பல்பு ஆற வழியில்லாமல் அப்படியே வேகும், ஒவ்வொரு கரண்ட் கட்டும் அதன் ஆயுளில் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போகும்.

விற்பவர் சாயங்காலம் வரச் சொல்வார். போகாதீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய், ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு கணக்குப் பாடப் பக்கத்தைப் போட்டுக் காட்டச் சொல்லி, கடைசி பெஞ்ச் தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள்.