ஃபால்அவுட் 4 விளையாட்டில் சீட் கோட் போடாமல் கேப்ஸ் சம்பாதிக்க வழி உண்டா?

உண்டு. கேப்ஸ் என்றால் இந்த ஆட்டத்தில் காசாகப் புழங்கும் சோடா மூடி. சீட் கோட் என்றால் கன்சோல் என்ற கட்டளைப் பெட்டியில் அடிக்கும் குறுக்குவழி. அது வேண்டாம், தண்ணீர் விற்றுச் சம்பாதியுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் லெவல் 7, 8-ல் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையில் 200 கேப்ஸ்கூட இருக்காது. செத்துக் கிடக்கும் ரெய்டர்களின் (கொள்ளைக்காரர்களின்) பைப் துப்பாக்கிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு, பாரம் தாங்காமல் ஓட முடியாமல், விற்பதற்காக டயமண்ட் சிட்டி என்ற ஊருக்கு ஊர்ந்து போய்க்கொண்டிருப்பீர்கள். கூட விளையாடும் யாராவது "கன்சோலைத் திறந்து ஒரு வரி அடி, பத்தாயிரம் வந்துடும்" என்று சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். நானும் அந்த இடத்தில் நின்றவன்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆட்டம் தொடங்கும் சாங்சுவரி ஊரை ஆறு சுற்றி ஓடுகிறதல்லவா, அந்த ஆற்றுக்குள்ளேயே தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கட்டலாம். சின்னது 10 தண்ணீர் தரும், 2 மின்சாரம் போதும். பெரியதற்கு 'சயின்ஸ்' பெர்க் (லெவல் ஏறும்போது எடுக்கும் திறன்) முதல் படி வேண்டும். 5 மின்சாரம் குடித்துவிட்டு 40 தண்ணீர் தரும். நடுத்தர ஜெனரேட்டர் ஒன்று 5 மின்சாரம் தருவதால் ஒரு பெரிய இயந்திரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் நாளுக்கு 1 தண்ணீர் போக, மிச்சம் பாட்டில் பாட்டிலாக வொர்க்‌ஷாப் பெட்டிக்குள் வந்து சேரும். பெட்டியில் பாட்டில்கள் குவிந்து கிடந்தால் புதிதாக வராது. அதனால் ஊருக்கு வரும்போதெல்லாம் எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

ஒரு பாட்டிலின் மதிப்பு 20 கேப்ஸ். கரிஸ்மா (உங்கள் ஆளின் பேச்சுக் கவர்ச்சி எண்) குறைவாக இருந்தால் வியாபாரி 6, 7-க்குத்தான் எடுப்பார். எடை அரை பவுண்டுதான் என்பதால் 100 பாட்டிலைத் தூக்கிக்கொண்டும் ஓடலாம். வியாபாரியிடம் கேப்ஸ் தீர்ந்துவிட்டால் தண்ணீரைக் கொடுத்துத் தோட்டாவும் செம்பும் ஆயிலும் பண்டமாற்றாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் டிரம்லின் டைனரில் ட்ரூடியிடமும், மாட்டோடு ஊர் ஊராக வரும் கார்லாவிடமும் விற்றேன்.

இனி என் கதை. இதைச் சொல்லத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், ஆபீஸில் மலையாளம். 2016-ல் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் பொய்த்தது, துலா மழை என்கிற வடகிழக்குப் பருவ மழையும் பொய்த்தது. அந்த அக்டோபரிலேயே கேரளம் முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். அடுத்த மார்ச்சில் எங்கள் போர்வெல் காற்றைத்தான் கக்கியது. டேங்கர் வரும் நாளில் தெருவே குடத்தோடு நிற்கும். அம்மா வாசலில் குடங்களை வரிசையாக வைத்து, இது குடிக்க, இது சமைக்க, இது மாட்டுக்கு என்று பிரித்து வைப்பார். துணி அலசிய தண்ணீர் தென்னங்கன்றுக்குப் போகும். பணம் கொடுத்து வாங்கிய லோடு தனி. எங்களுக்கு வர வேண்டிய லோடு ஒருமுறை கல்யாண மண்டபத்துக்குத் திரும்பிவிட்டது. வண்டிக்காரர் அதற்கு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி ஃபால்அவுட் 4 விளையாட ஆரம்பித்திருந்தேன். 2077 அக்டோபர் 23-ல் அணுகுண்டுப் போர். அதன் பிறகு 210 வருடம் கழித்து, 2287-ல் பாஸ்டன் பக்கம் மிஞ்சிய மனிதர்கள் சோடா மூடியைக் காசாக வைத்துப் பிழைக்கிறார்கள். குண்டு, கதிர்வீச்சு எதுவும் எனக்கு ஒட்டவில்லை. சுத்தமான தண்ணீருக்கு விலை இருக்கிற ஊர் என்றதும் அது எனக்குத் தெரிந்த ஊராகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்க்ரூவும் ரப்பரும் ஆயிலும் பொறுக்கி, ஒரு மாதத்தில் மூன்று பெரிய இயந்திரங்களை ஆற்றில் இறக்கினேன்.

ஒரு ராத்திரி அம்மா பின்னால் வந்து நின்றார். திரையின் மேலே தண்ணீர்ப் படத்துக்குப் பக்கத்தில் 120 என்று இருந்தது.

"இது என்னடா நம்பரு?"

"தண்ணிம்மா. ஒரு நாளைக்கு."

"ஆரு குடிக்கறது இத்தனையும்?"

"எட்டுப் பேரு இருக்காங்க. மிச்சத்தை விக்கறேன்."

அம்மா கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தார். பிறகு கேட்டார்: "அவுங்களுக்குக் குடிக்கக் குடுத்துட்டுத்தான விக்கற?"

ஆமாம்மா என்றேன். உண்மையும் அதுதான். ஊர்க்காரர்களின் பங்கு போகாமல் ஒரு பாட்டில்கூடப் பெட்டிக்கு வராது. அந்த விதியை அதுவரை நான் வெறும் கணக்காகத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அதை எழுதிய ஆள் யாரென்று தெரியாமலே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

இப்போது சிலர் கீழே வந்து "தண்ணீர் விற்பதும் ஒரு ஓட்டையைப் பயன்படுத்துவதுதானே, சீட் கோடுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்" என்று எழுதுவார்கள். தெரிந்தே சொல்கிறேன், வித்தியாசம் இருக்கிறது. 1997-ல் வந்த முதல் ஃபால்அவுட்டின் கதையே தண்ணீர்தான். வால்ட் 13 என்ற நிலத்தடிப் புகலிடத்தின் தண்ணீர்ச் சில்லு (தண்ணீர் இயந்திரத்தின் சிப்) பழுதாகிறது, 150 நாளுக்குள் வேறொன்று கொண்டுவர வேண்டும். ஹப் நகரத்துத் தண்ணீர் வியாபாரிகளுக்கு 2000 கேப்ஸ் கொடுத்தால் அவர்கள் வால்டுக்குத் தண்ணீர் அனுப்பி 100 நாள் கூட்டித் தருவார்கள். அந்த மூடிகளுக்கு மதிப்பு வந்ததே அந்த வியாபாரிகள் அவற்றுக்குத் தண்ணீர் தர ஒப்புக்கொண்டதால்தான். மூடி என்பதே தண்ணீருக்கு எழுதிய சீட்டு. அப்படியிருக்க, தண்ணீர் விற்று மூடி சேர்ப்பதை எப்படி ஓட்டை என்பது?

இதே வரிசையில் வந்த இன்னொரு ஆட்டமான நியூ வேகாஸில் லக்கை (அதிர்ஷ்ட எண்ணை) ஏற்றிக்கொண்டு கேசினோவில் உட்கார்ந்தால் இதைவிட வேகமாகச் சேர்க்கலாம் என்பதும் தெரியும். அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகு, சீட்டு வாங்கவே பார்டர் தாண்டி எங்கள் பக்கம் வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் சித்தப்பாவின் கூலி எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாகக் கிடக்கிறது. கோவையில் வேலைக்குச் சேர்ந்தபோது, தண்ணீர்க் கஷ்டம் என்று சொன்னால் "கேரளாக்காரனுக்கு என்னப்பா தண்ணிக் கஷ்டம்?" என்று சிரித்தார்கள். அதற்கு முன்பு திருச்சூரில் படித்தபோது ஹாஸ்டலில் என் பெயரே 'பாண்டி', தமிழனை அங்கே கேலியாகக் கூப்பிடும் பெயர். எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகள் மழை மறைவுப் பகுதி என்பது இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் தெரியாது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் தமிழ்நாடு கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும். அது வருமா வராதா என்று ஒவ்வொரு கோடையிலும் இரண்டு பக்கமும் சண்டை போடும். இரண்டு பக்கமும் எங்களை வெளியாள் என்றுதான் சொல்லும். கேட்டால் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் செய்த ஒரு தவறை நீங்கள் செய்யாதீர்கள். தண்ணீர் எண் ஏற ஏற ரெய்டர்களின் கண் ஊர்மேல் விழும். நான் டயமண்ட் சிட்டியில் விற்றுக்கொண்டிருந்தபோது சாங்சுவரியைத் தாக்குகிறார்கள் என்று செய்தி வந்தது. இன்னும் நாலு பாட்டில் விற்றுவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் இரண்டு ஜெனரேட்டர் உடைந்து கிடந்தது, எண் 40-ல் நின்றது. ஊர்க்காரர்கள் கோபமாக இருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: சாப்பாட்டையும் தண்ணீரையும் கூட்டினால் வரும் எண்ணைவிடப் பாதுகாப்பு எண் கூடுதலாக இருக்க வேண்டும். முதல் இயந்திரத்தை இறக்கியதும் வரும் முதல் 500 கேப்ஸில் துப்பாக்கி வாங்காதீர்கள். தானாகச் சுட்டு ஊரைக் காக்கும் டரட்டுக்கு வேண்டிய சாமானை வாங்கி, இரண்டை ஜெனரேட்டர் பக்கத்திலும் ஒன்றைப் பாலத்துப் பக்கமும் வையுங்கள். அதற்குப் பிறகு இரண்டாவது இயந்திரம்.