ரஷ்யம், பல்கேரியம் போன்ற மொழிகளை எழுதும் சிரில்லிக் எழுத்துமுறையின் பழைய வடிவில் இத்தனை உயிரெழுத்துகள் எதற்கு? அப்புறம் ஏன் காணாமல் போயின?

பாதி எழுத்துகள் வெறும் அலங்காரம்தானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. பெரும்பாலானவை அன்று காதில் விழுந்த ஒலிக்காகவே வந்தவை.

9ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்கேரியாவில் சிரில்லிக் உருவானபோது அடிப்படையாக இருந்தது கிரேக்கப் பெரிய எழுத்துகள். கிரேக்கத்தில் இல்லாத ஸ்லாவிய (ரஷ்யம், போலிஷ், பல்கேரியம் சேர்ந்த மொழிக் குடும்பம்) ஒலிகளுக்குப் புது எழுத்து வேண்டியிருந்தது. அப்படி வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை யூஸ் எழுத்துகள். ஆங்கில 'ஏ'யின் குறுக்குக்கோட்டிலிருந்து நடுவே ஒரு கால் இறங்கினால் அது சின்ன யூஸ். பெரிய யூஸ் என்று இன்னொன்றும் உண்டு. முன்னால் ஒரு செங்குத்துக் கோட்டை ஒட்டினால் 'ய்' சேர்ந்த வடிவம் கிடைக்கும். ஆக மொத்தம் நான்கு.

இவை என்ன ஒலி என்பதே ரஷ்யாவில் மறந்துபோயிருந்தது. வஸ்தோகவ் என்ற அறிஞர் 1820இல் அதைக் கண்டுபிடித்தார். 1056-57இல் எழுதப்பட்ட ஓஸ்த்ரோமிர் நற்செய்தி நூலில் யூஸ் வரும் சொற்களைப் போலிஷ் மொழியோடு ஒப்பிட்டார். கைக்கு ரஷ்யர்கள் 'ரூக்கா' என்பார்கள், போலந்துக்காரர்கள் 'ரெங்க்கா'. பல் ரஷ்யத்தில் 'ஸூப்', போலிஷில் 'ஸோம்ப்'. ஐந்து ரஷ்யத்தில் 'பியாத்', போலிஷில் 'பியெஞ்ச்'. பழைய நூலில் யூஸ் இருக்கும் இடத்திலெல்லாம் போலிஷில் ஒரு மூக்கொலி! யூஸ் என்பது மூக்கால் சொல்லும் உயிர் என்று அப்படித்தான் தெரிந்தது. மொழி ஆராய்ச்சியில் இதைவிட அழகான துப்பறிதல் எனக்குத் தெரியாது.

அதே நற்செய்தியில் பெரிய யூஸ் வர வேண்டிய இடத்தில் சில முறை 'ஊ' விழுந்திருக்கிறது. அதை எழுதிய கிரிகோரி என்ற திருத்தொண்டரின் பேச்சில் மூக்கொலி ஏற்கெனவே போய்விட்டது. பார்த்து எழுதும்போது காது கையை இழுத்துவிட்டது. எழுத்து ஏன் மறைந்தது என்பதற்கு இந்தப் பிழைகளே பதில்.

கூட்டெழுத்துகளில் 'ஊ' வந்த வழி கிரேக்கம். ஓமிக்ரான், உப்சிலான் என்ற இரண்டு கிரேக்க எழுத்துகளைச் சேர்த்து எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்தது. இடம் போதாவிட்டால் ஒன்றன் தலைமேல் மற்றதை ஏற்றினார்கள். பிறகு ஓமிக்ரான் கழன்று மேலே இருந்தது மட்டும் நின்றது. 'யு' எழுத்தில் கோடும் வட்டமும் சேர்ந்த பழைய ஒட்டு இன்றும் அப்படியே தெரியும். சின்ன யூஸோ 'யா'வாக ஒலி மாறி, கையெழுத்தில் உருமாறி, ரஷ்ய மன்னர் பீட்டர் 1708இல் கொண்டுவந்த அச்செழுத்துகள் வழியாக ஆங்கில 'ஆர்' திரும்பி நிற்பது போன்ற இன்றைய எழுத்தானது.

அலங்காரத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1429ஐ ஒட்டிய, பைபிளின் துதிப்பாடல்கள் (சங்கீதங்கள்) அடங்கிய ஒரு புத்தகத்தில், பல கண்களுடைய செராஃபிம் தூதர்களைச் சொல்லும் இடத்தில் பத்துக் கண்கள் வைத்த 'ஓ' ஒன்று இருக்கிறது. கணினியில் எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு 2008இல் அதற்கு ஏழு கண்தான் கொடுத்தது. 2022இல் பத்தாகத் திருத்தினார்கள்.

பெரிய யூஸைப் பல்கேரியர்கள் 1945 வரை விடவில்லை. சின்ன யூஸை நேரில் பார்க்க ஆசையென்றால் ரஷ்யத் திருச்சபை வழிபாட்டில் பயன்படுத்தும் ஸ்லாவோனிய மொழி ஜெப நூல் எதையாவது புரட்டுங்கள். பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தில் கோடு ஒட்டிய 'யா' வரும், நடுவிலும் கடைசியிலும் சின்ன யூஸ் வரும்.