வில்லங்கம் உள்ள வீடு

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். கோதிக் இலக்கியம் பற்றித் தேர்வில் கட்டாயம் ஒரு கேள்வி வரும். பாழடைந்த கோட்டை, பேய், சுரங்கப்பாதை, புயல், மயங்கி விழும் நாயகி, கொடுங்கோலன், பழைய சாபம் என்று பத்து அம்சங்களை எழுதினால் பத்து மதிப்பெண். எழுதினேன், வாங்கினேன், மறந்துவிட்டேன்.

சென்ற மாதம் தாஃப்னே து மோரியேவின் ‘ரெபெக்கா’ நாவலைப் படித்தேன். கோதிக் நாவல் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். ஆனால் கடைசிப் பக்கம் வரை பேயே வரவில்லை. கோட்டையும் இல்லை, கார், டெலிபோன் எல்லாம் இருக்கிற வீடு. இதை எப்படி கோதிக் என்கிறார்கள்? ரோமாபுரியைச் சூறையாடிய கோத் கூட்டத்தின் பெயர் பேய்க்கதைக்கு எப்படி வந்தது? படிக்க வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அந்தப் பத்து மதிப்பெண்ணை நானும் வாங்கியிருக்கிறேன். பட்டியலில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் மளிகைச் சீட்டைப் பார்த்து என்ன விருந்து என்று சொல்லிவிட முடியாது.

முதலில் பெயர். அது சீக்கிரம் முடிகிற விஷயம். கி.பி. 410-இல் அலாரிக்கின் தலைமையில் ரோமாபுரியைச் சூறையாடிய ஜெர்மானியக் கூட்டத்தார்தான் கோத்துகள். ஆயிரம் வருடம் கழித்து, மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்கள் இடைக்காலத்தின் கூர்வளைவு மாதாகோயில்களைப் பார்த்து, இது கோத்துகளின் காட்டுமிராண்டி வேலை என்று முகம் சுளித்தார்கள். உண்மையில் கோத்துகளுக்கும் அந்தக் கோயில்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவை 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் எழுந்த பாணி. வசைச்சொல் அப்படியே பெயராக நின்றுவிட்டது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒன்றை கோதிக் என்றால் இடைக்காலத்துப் பழசு, நாகரிகம் படாதது என்று பொருள்.

அந்த வசையை விரும்பி எடுத்துச் சூடிக்கொண்டவர் ஹொரேஸ் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் கடைசி மகன், பணத்துக்குக் குறைவில்லாதவர். 1747-இல் லண்டனுக்கு வெளியே ட்விக்கன்ஹாமில் ஒரு சாதாரண வீட்டை எடுத்து, வருடக்கணக்காக அதற்குக் கோபுரமும் கொத்தளமும் வைத்து ஸ்ட்ராபெரி ஹில் என்ற கோட்டையாக்கினார். கல் மாதிரி தெரிவதில் பாதி மரமும் சாந்தும். நீண்ட கூடத்தின் கூரையில் விசிறி விசிறியாக விரியும் அலங்காரம் காகிதக்கூழில் செய்தது. (ஆங்கிலத்தில் ‘செரெண்டிபிட்டி’ என்ற சொல்லை 1754-இல் ஒரு கடிதத்தில் உண்டாக்கியவரும் இவர்தான். இலங்கையின் பழைய பெயரான செரெந்தீப்பிலிருந்து எடுத்தார். நம் பேச்சுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.)

1764 ஜூன் மாதத்தில் ஒரு நாள் கனவில் தான் பழைய கோட்டை ஒன்றில் நிற்பதாகவும், பெரிய படிக்கட்டின் உச்சிக் கைப்பிடியில் இரும்புக் கவசம் போட்ட ராட்சதக் கை ஒன்று இருந்ததாகவும் நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். அன்று மாலையே எழுத உட்கார்ந்து, இரண்டு மாதத்துக்குள் முடித்த நாவல்தான் ‘ஒட்ராண்டோ கோட்டை’. அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் 500 பிரதிகள் வந்தன. அட்டையில் வால்போலின் பெயர் இல்லை. 1529-இல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலியப் புத்தகம், வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்தது, வில்லியம் மார்ஷல் என்பவர் மொழிபெயர்த்தது என்று முன்னுரை சொன்னது. அத்தனையும் புளுகு. புத்தகம் நன்றாக விற்றதும் 1765-இல் இரண்டாம் பதிப்பில் தானே எழுதியதாக ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பும் கொடுத்தார். முதல் பதிப்பைப் பாராட்டிய ‘மன்த்லி ரிவ்யூ’ பத்திரிகை இரண்டாம் பதிப்பைத் திட்டியது. பழங்காலத்து ஆள் எழுதினால் பொறுக்கலாம், நம் காலத்துப் படித்த மனிதர் இப்படி எழுதலாமா என்ற கோபம். ஆகக் கூடி, போலிக் கோட்டையில் குடியிருந்தவர் போலிக் கையெழுத்துப்பிரதி ஒன்றைக் காட்டித் தொடங்கிய மரபு இது.

இப்போது கதைக்கு வாருங்கள். ஒட்ராண்டோவின் பிரபு மான்ஃபிரெட். அவனுடைய ஒரே மகன் கான்ராடுக்குக் கல்யாணம். மணநாளில் வானத்திலிருந்து ஒரு பிரம்மாண்டமான இரும்புத் தலைக்கவசம் விழுந்து பையன் நசுங்கிப்போகிறான். (சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். எனக்கும் வந்தது.) துக்கம் ஒருபக்கம் இருக்க, மான்ஃபிரெடின் கவலை வேறு. வம்சம் அறுந்துவிடக் கூடாது. கட்டிய மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு, மகனுக்குப் பார்த்த பெண் இசபெல்லாவைத் தானே மணக்கக் கிளம்புகிறான். அவள் சுரங்கப்பாதை வழியாக ஓடுகிறாள். தாத்தாவின் ஓவியம் பெருமூச்சு விட்டுச் சட்டத்தைவிட்டு இறங்கி நடக்கிறது. சிலையின் மூக்கில் ரத்தம் சொட்டுகிறது.

ஏன் இத்தனை அமர்க்களம்? கோட்டையின் உண்மையான உரிமையாளர் அல்ஃபோன்ஸோ. மான்ஃபிரெடின் தாத்தா ரிக்கார்டோ அவரிடம் வேலை பார்த்தவன். புனிதப் பயணத்தில் அவருக்கு விஷம் வைத்துக் கொன்று, போலி உயில் எழுதிக் கோட்டையை எடுத்துக்கொண்டான். உண்மையான சொந்தக்காரர் உள்ளே அடங்காத அளவுக்கு வளரும்போது கோட்டை இந்தக் குடும்பத்தின் கையைவிட்டுப் போகும் என்று ஒரு பழைய வாக்கு. அந்த வாக்குப்படி அவர் துண்டு துண்டாக வருகிறார். ஒரு தலைக்கவசம், ஒரு கால், ஒரு கை. கடைசியில் முழு உருவமாக எழும்போது சுவர்கள் சரிகின்றன. அவர் சொல்வது, இன்னார்தான் என் வாரிசு என்ற ஒரே விஷயம். சொல்லிவிட்டு வானத்துக்குப் போய்விடுகிறார்.

இதை முதலில் படித்தபோது நான் பயந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் பேய் எதற்காக வருகிறது என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது பயமுறுத்த வரவில்லை, வழக்கு போட வந்திருக்கிறது. இரண்டு தலைமுறை தாமதமாக வந்த வாதி. நம் ஊரில் வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போமே, அதில் ஏறாத வில்லங்கம் ஒன்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கோதிக் என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால் நான் பேயைச் சொல்வதில்லை, இந்த வில்லங்கத்தைச் சொல்கிறேன்.

இது வால்போலின் தலையில் மட்டும் உதித்ததாகவும் நான் நினைக்கவில்லை. 1536-இலிருந்து 1541-க்குள் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தார். கூரை ஈயத்தைப் பெயர்த்து விற்றார்கள். நிலம் விலையாகவும் தயவாகவும் பிரபுக்களுக்குப் போயிற்று. பல மடங்கள் அவர்களுடைய மாளிகைகளாயின, மிச்சம் இடிபாடாக நின்றது. மடத்துச் சொத்தை விழுங்கிய குடும்பங்கள் எப்படி வாரிசில்லாமல் அழிந்தன என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து ஹென்றி ஸ்பெல்மன் என்பவர் எழுதிய புத்தகம், அவர் இறந்து வெகுகாலம் கழித்து 1698-இல் வெளிவந்தது. ‘சிவன் சொத்து குலநாசம்’ என்று நாம் ஒரு வரியில் சொல்லிவிடுவதை ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட நாட்டில் இடிந்த மடம் என்பது கதைக்காகத் தேடிப்பிடித்த மேடைச் சாமான் இல்லை. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற குற்றம்.

அடுத்து ஆன் ராட்கிளிஃப். 1794-இல் வந்த ‘உடால்ஃபோ மர்மங்கள்’ நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்தது 500 பவுண்ட், அன்றைக்கு மலைக்கவைக்கும் தொகை. இத்தாலியைப் பார்க்காமலேயே அப்பெனைன் மலைக்கோட்டையை எழுதினார். பெற்றோரை இழந்த எமிலி, அத்தையின் புதுக் கணவன் மாண்டோனியின் கோட்டையில் மாட்டிக்கொள்கிறாள். இரவெல்லாம் விசித்திர ஓசைகள், அசையும் விளக்குகள். ஆனால் பகலில் மாண்டோனி என்ன செய்கிறான் பாருங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறான். அத்தையின் நிலத்தை எழுதி வாங்க அவளைக் கோபுரத்தில் அடைத்துவைக்கிறான். அவள் போடாமலே சாகிறாள். பிறகு அதே பத்திரத்தோடு எமிலியிடம் வருகிறான். கல்யாணமானால் மனைவியின் சொத்து பெரும்பாலும் கணவனுடையது என்று இருந்த இங்கிலாந்தில் இதைப் படித்த பெண்களுக்கு எது பேயாகத் தெரிந்திருக்கும்? அந்தச் சட்டம் மாறத் தொடங்கியதே 1870-இல், 1882-இல். உங்கள் பட்டியலில் உள்ள சுரங்கப்பாதையும் பூட்டிய அறையும் அந்தச் சட்டத்தின் கட்டட வரைபடம்தான்.

ராட்கிளிஃப்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குச் சொல்லாமல் இழுத்து, கடைசியில், மெழுகுப் பொம்மை என்கிறார். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விட்டேன். எல்லா அமானுஷ்யத்துக்கும் இப்படி ஒரு விளக்கம் வைத்திருப்பார். ஆனால் அச்சம் வேறு, அருவருப்பு கலந்த பீதி வேறு, முன்னது மனத்தை விரிக்கும், பின்னது உறையவைக்கும் என்று அவர் செய்த பிரிவினை இன்றைக்கும் சரி. இரண்டாவது வகைக்கு உதாரணம் வேண்டுமென்றால் மாத்யூ லூயிஸ் இருபது வயதை ஒட்டி எழுதி, 1796-இல் வெளிவந்த ‘துறவி’. படித்தால் படியுங்கள், நான் வற்புறுத்தமாட்டேன்.

இந்தச் சரக்கையெல்லாம் கேலி செய்தவர் ஜேன் ஆஸ்டின். ‘நார்தாங்கர் அபே’, 1817 கடைசியில், அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. உடால்ஃபோவில் தலை கிறங்கிய பெண் ஒரு பழைய மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள். இரவில் அலமாரிக்குள் ஒரு சுருள் காகிதம். படபடப்போடு விடியும் வரை காத்திருந்து பிரித்தால், சலவைக் கணக்கு! எல்லோரும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மாளிகை, மடங்கள் கலைக்கப்பட்டபோது வீட்டுக்காரரின் முன்னோர் கைக்கு வந்த கன்னிமடம் என்று ஆஸ்டின் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார். அந்த வீட்டு ஜெனரல் மனைவியைக் கொன்றவர் என்று நாயகி சந்தேகித்தது தப்பு. ஆனால் இவளுக்குச் சொத்து கிடையாது என்று தெரிந்ததும், அதே மனிதர் விடிந்ததும் விடியாததுமாக அவளைத் தனியாக வண்டியேற்றி அனுப்பிவிடுகிறார். கேலி செய்ய வந்தவரும் கடைசியில் அதே பத்திரத்தில்தான் வந்து நிற்கிறார்.

அப்புறம் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க இது வேறு வேறு வீடுகளுக்குக் குடிபோகிறது. 1839-இல் எட்கர் ஆலன் போ எழுதிய ‘அஷர் வீட்டின் வீழ்ச்சி’யில் ஊர்க்காரர்களுக்கு அந்த மாளிகைக்கும் குடும்பத்துக்கும் பெயர் ஒன்றே. நாமும் ‘பெரிய வீட்டில் துக்கம்’ என்று சொல்வோமில்லையா, அதுபோல. கடைசியில் இரண்டும் சேர்ந்தே ஏரிக்குள் போகின்றன. 1847-இல் ‘ஜேன் ஐயர்’: மாடியில் பூட்டப்பட்ட பைத்தியக்கார மனைவி ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்ட் சீதனத்தோடு வந்தவள். பணத்தைச் செலவழிக்கலாம், ஆளை என்ன செய்வது? அதே வருடம் ‘உதரிங் ஹைட்ஸ்’: தெருவில் கிடைத்த பையன் ஹீத்கிளிஃப், சூதாடுகிறவனிடம் அடமானம் எழுதி வாங்கி ஒரு வீட்டையும், மகன் கல்யாணத்தை வைத்து இன்னொரு வீட்டையும் பிடிக்கிறான். பேய் என்னவோ ஜன்னலைத் தட்டி, உள்ளே விடு என்று மட்டும் கேட்கிறது. 1897-இல் ‘டிராகுலா’: ரத்தமெல்லாம் பிறகு. முதலில் ஒரு இளம் வக்கீல் டிரான்சில்வேனியாவுக்குப் போவது லண்டன் பக்கத்தில் டிராகுலா பிரபு வாங்கும் வீட்டின் கிரய வேலையாக.

இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1818-இல் வந்த மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையில் வீடும் இல்லை, உயிலும் இல்லை. தான் உண்டாக்கிய உயிரை ஒருவன் கைவிடுகிற கதை அது; பெற்றவன் கைவிட்ட பிள்ளையும் வாரிசுதானே என்று இழுத்துப் பார்க்கலாம். எனக்கு இஷ்டமில்லை. அது கோதிக் வீட்டில் பிறந்து, அறிவியல் புனைகதைக்கு வாக்கப்பட்டுப் போன பெண்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ‘ஒட்ராண்டோ’ சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ‘உடால்ஃபோ’வில் மலைவர்ணனை வரும் இடங்களைக் கண்ணால் மட்டும் ஓட்டிவிடுங்கள், பாவமில்லை. அதன் சூடு ஆறுமுன் ‘நார்தாங்கர் அபே’.

அதற்கெல்லாம் முன்னால், கையில் இருக்கும் ‘ரெபெக்கா’வில் படகுக்கொட்டகைச் சம்பவத்தை ரெபெக்காவின் கணவன் மாக்ஸிம் விவரிக்கும் அத்தியாயத்துக்குத் திரும்பப் போங்கள். ரெபெக்காவின் துரோகங்களையெல்லாம் அதுவரை அவன் பொறுத்துத்தான் வந்திருக்கிறான். அன்றைக்கு அவள் என்ன சொன்னதும் அவன் துப்பாக்கியால் சுட்டான் என்று பாருங்கள். எனக்கொரு பிள்ளை பிறந்தால் அது உன்னுடையதில்லை என்று உன்னால் நிரூபிக்க முடியாது, உன் மாண்டர்லி மாளிகை அதற்குத்தான் போகும் என்கிறாள்.