நானோ மஞ்சள் மாத்திரை: 185 மடங்கு என்றால் என்ன?

கேள்வி: எனக்கு வயது 61. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகன் ஆன்லைனில் நானோ குர்குமின் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறான். சாதாரண மஞ்சள் சத்தைவிட 185 மடங்கு உடம்பில் சேரும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. போன வருடம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைத்து, குளோபிடோக்ரெல் சாப்பிட்டு வருகிறேன். இதையும் எடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மஞ்சள் சந்தை ஊரிலிருந்தே இப்படி ஒரு கேள்வி! முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் அம்மா: இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு தம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும். அதையே தாளிக்கும் எண்ணெயில் போட்டால் எண்ணெயே நிறம் மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. குடலுக்குள் இருப்பதோ தண்ணீர்ச் சூழல். தப்பித் தவறி உள்ளே நுழைவதையும் குடல் சுவரும் கல்லீரலும் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். அதனால்தான் நாள் ஒன்றுக்கு 8 கிராம் சுத்தமான குர்குமின் கொடுத்துப் பார்த்தும் ரத்தத்தில் மிகச் சொற்பமே தென்பட்டது.

நானோ மருந்து, அதாவது மிக நுண்ணிய துகளாக்கிய மருந்து, தண்ணீரில் கரையாத இந்த முதல் தடையைத்தான் தாண்டுகிறது. பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு நுண்ணிய உருண்டைகளாகச் சூழ்ந்து தண்ணீரோடு கொண்டுபோகிறதல்லவா? அதே வித்தைதான். இந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மைசெல் வடிவம் சாதாரண குர்குமினைவிட 185 மடங்கு ரத்தத்தில் சேர்ந்தது. ஆக, அட்டையில் இருக்கும் எண் பொய்யில்லை. ஆனால் எதன் 185 மடங்கு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததன் மடங்கு. அதிலும் பெரும்பகுதி உடல் உருமாற்றிவிட்ட குர்குமின். அதற்கு அசல் குர்குமினின் வேலைத்திறன் இருக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில்தான். மூட்டு வலிக்குச் சின்னச் சின்ன ஆய்வுகளில் சுமாரான பலன் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மஞ்சளைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அது உள்ளே அதிகம் சேராத மஞ்சள். உள்ளே சேரும்படி செய்துவிட்டால் அது மருந்து. பக்கவிளைவும் கூடவே வரும். அமெரிக்காவில் 2011 முதல் 2022 வரை மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த பத்துப் பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. ஒருவர் இறந்தே போனார். பத்தில் ஏழு பேருக்குக் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. நமக்கு அது இருக்கிறதா என்று யாரும் பார்த்துவிட்டு மாத்திரை வாங்குவதில்லை.

அப்புறம் உங்கள் ஸ்டென்ட். குளோபிடோக்ரெல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் மருந்து. ஆய்வகச் சோதனைகளில் குர்குமினும் ஓரளவு அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். டப்பாவில் பைபரின், அதாவது மிளகுச் சத்து, சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்துகளைக் கழித்துவிடும் உடலின் வேலையை அது மந்தப்படுத்தும். உங்கள் மற்ற மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் ஏறக்கூடும்.

குழம்பு, ரசத்து மஞ்சளுக்குத் தடையில்லை. டப்பாவை அடுத்த முறை இதய மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்காக குளோபிடோக்ரெலை மட்டும் ஒருநாள்கூட நிறுத்திவிடாதீர்கள். முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றைக்கே கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.