லீட்ஸில் 'சிக்' என்றால் வாந்தி

அடுத்த மாதம் இங்கிலாந்தில், லீட்ஸில் வார்டு நர்ஸாகச் சேரப் போவதாக எழுதியிருக்கிறாய் தங்கச்சி. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி பாஸ். 'சிக்' என்ற ஒரு சொல்லுக்கே இல், அன்வெல், எய்லிங் என்று பன்னிரண்டு மாற்றுச் சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாய், இது போதுமா என்று கேட்கிறாய். குக்கர், வாடகை, கோயில் பற்றியும் கேட்டிருக்கிறாய். குக்கர் இங்கேயே கிடைக்கும். கோயில் லீட்ஸிலேயே இருக்கிறது. வாடகையை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தப் பன்னிரண்டு சொல் விஷயத்தைத்தான் இப்போதே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 2003-இல் நான் வந்து இறங்கியபோது என் கையிலும் அதே பட்டியல்தான் இருந்தது.

அப்போது நம் ஊரில் படித்து வந்த நர்ஸ்கள் 'அடாப்டேஷன்' என்று சில மாதம் ஒருவர் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும், அப்புறம்தான் நர்ஸ்களைப் பதிவு செய்யும் இங்கத்திய கவுன்சிலான என்எம்சியில் பதிவு. என் முதல் வாரம். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த ஒரு பாட்டி, "ஐ ஃபீல் சிக், லவ்" என்றார். சிக் லீவ், சிக் ரூம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது 'உடம்பு சரியில்லை' என்றுதான் விழுந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் டாக்டர் வருவார் என்று சொன்னேன். அரை நிமிடத்தில் படுக்கை முழுக்க வாந்தி. முட்டை அடுக்கும் அட்டை இருக்கிறதல்லவா, அதே சாம்பல் நிறத்தில் ஒரு காகிதக் கிண்ணம் இங்கே எல்லா வார்டிலும் இருக்கும். அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். மல்லாந்து படுத்திருந்தவர், புரையேறியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

அதே வாரம் காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு, 'திங்கள்கிழமையிலிருந்து சிக்' என்று நோட்ஸில் எழுதினேன். மேற்பார்வை செய்தவருக்கு அதில் தவறே தெரியவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று நாளாக வாந்தி என்று படித்த டாக்டர், உடம்பில் உப்பு குறைந்திருக்குமோ என்று ரத்தம் எடுக்கச் சொல்லி டிரிப்பும் எழுதிவிட்டார். அந்த மனிதரோ உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது. 'ஐ'வ் பீன் சிக்' என்றால் வாந்தி எடுத்துவிட்டேன். 'ஆஃப் சிக்' என்றால் மட்டும் உடம்பு முடியாமல் லீவில் இருக்கிறார் என்று பொருள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பழைய பொருள் அப்படியே நிற்கும்: லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852-இல் திறந்த ஆஸ்பத்திரிக்கு 'சிக் சில்ட்ரன்' ஆஸ்பத்திரி என்றுதான் பெயர் வைத்தார்கள். அமெரிக்காக்காரர்கள் எல்லா நோய்க்கும் சிக் என்பார்கள், அவர்கள் படம் பார்த்துப் பழகிய காதோடு இங்கே வராதே.

உனக்கே காய்ச்சல் வந்து, வார்டுக்குப் போன் பண்ணி "ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்" என்று சொல்லிவிடாதே. வாந்தியோ பேதியோ நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வரக்கூடாது என்பது இங்கே விதி. குளிர்காலத்தில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் வந்து வார்டையே மூடுவார்கள், அந்தப் பயம். என்னோடு தங்கியிருந்த பெண் வெறும் ஜலதோஷத்துக்கு அப்படிச் சொல்லி இரண்டு ஷிப்ட்டை இழந்தாள். அவள் ஏஜென்சி நர்ஸ், வேலைக்குப் போனால்தான் காசு. எங்களிடம் அத்தனை பணம் வாங்கி அனுப்பிய ஏஜென்ட் இதில் ஒரு வரி சொல்லித் தரவில்லை. இன்னும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

உன் பட்டியலில் எய்லிங் இருக்கிறது, இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளி வாயிலும் அதைக் கேட்டதில்லை. இங்கே கேட்பது வேறு: ரஃப், பீக்கி, ஆஃப் கலர். லீட்ஸ் பக்கத்து வயதான யார்க்‌ஷயர்க்காரர் 'பேட்லி' என்பார். "நாட் டூ கிளெவர் டுடே" என்றால் அறிவைப் பற்றிய பேச்சில்லை, இன்று உடம்பு முடியவில்லை என்கிறார்.

எல்லாவற்றையும்விட 'பூர்லி'யைக் கவனி. சளிபிடித்த குழந்தையை அம்மா பூர்லி என்பாள், அது சாதாரணம். வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ், ஷிப்ட் மாற்றும்போது "குவைட் பூர்லி" என்றால் அது சாதாரணமில்லை, நிலைமை ரொம்ப மோசம் என்று பொருள். எனக்கு அப்படிச் சொன்ன ஆறாம் படுக்கைக்காரரை, கொஞ்சம் பலவீனம் போல என்று நினைத்துக் கடைசியில் பார்க்க வைத்துக்கொண்டேன். நான் போவதற்குள் அவருடைய மகள் நனைந்த கோட்டோடு வந்து நின்றாள். போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரியே அவர் போய்விட்டார். நான் முதலில் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார், ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாராவது பக்கத்தில் இருந்திருப்பார்கள்.

நம் ஆட்களில் சிலர் வந்த ஆறு மாதத்தில் உச்சரிப்பை மாற்றிக்கொண்டு, புதிதாக வருகிறவர்களின் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களிடம் எதுவும் கேட்காதே. எனக்கு வழி காட்டியது ஒரு மலையாளச் சேச்சி. யூனிபார்ம் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார். கேட்ட சொல், யார் சொன்னார், எந்த முகத்தோடு சொன்னார் என்று மூன்றும் எழுதுவார். நானும் அப்படி நான்கு நோட்டு எழுதி முடித்தேன். இப்போது நோயாளிகள் என்னிடம், நீ லீட்ஸுக்குப் பக்கத்து பிராட்ஃபோர்டு பெண்ணா என்று கேட்கிறார்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'மேலுக்குச் சுகமில்லை' என்போம், சென்னையில் கூடப் படித்த பெண்களுக்கே அது புரியாது. 2006-இல் அண்ணன் போன் பண்ணி, "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல" என்றான். அவன் குரலில் அந்தக் 'கொஞ்சம்' எனக்குச் சிஸ்டரின் 'குவைட்' மாதிரியே கேட்டது. காரணம் எதுவும் கேட்காமல் அன்று ராத்திரியே டிக்கெட் போட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.